பச்சை முகத்தோடு பேரம்

என் மார்பகம் ஒரு பயணம் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அந்த ஆப்பைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ‘உங்கள் மார்பகப் பயணத்திற்கு நல்வரவு, வீராங்கனையே!’ என்று ரோஜா நிற எழுத்துகள் திரையில் மிதந்து வந்தன. நான் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அங்கே என்னைப் பல பெயர்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். வீராங்கனை அவற்றில் ஒன்றல்ல. தவிர, இடது மார்பை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பயணம் போனது அது மட்டும்தான், நான் வீட்டில்தான் இருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கீமோ வார்டுக்கு வந்தாள். எங்களைப் போன்றவர்களுக்கென்று போனில் நிறைய ஆப் இருக்கிறதாம். அதில் மூன்றைப் பொறுக்கி வைத்திருக்கிறார்களாம். நோயாளிகளே ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்து நல்லது கெட்டது சொல்லி மார்க் போட வேண்டுமாம். தேறுவதை எல்லோருக்கும் கொடுப்பார்களாம். “விருப்பம் இருந்தா மட்டும்தாம்மா,” என்றாள். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து எல்லோரும் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் புத்தியைக் கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான். உடனே தலையாட்டினேன்.

பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தவளும் தலையாட்டினாள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிடச் சின்னவள். மொட்டைத் தலையில் தினம் ஒரு நிறத்தில் துணி சுற்றிக்கொண்டு வருவாள், எல்லாம் கடையில் மிஞ்சிய பீஸ். எங்களுக்குள் சிநேகம் ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது. அவர்கள் கடையில் ‘ஒரே விலை’ என்று போர்டு மாட்டியிருக்கிறது என்றாள். பேரம் பேசத் தெரியாதவர்கள் மாட்டுகிற போர்டு அது என்றேன்.

“சொன்னா சொன்னதுதான்க்கா. அப்பால எதுக்கு அத்த ஏத்தி எறக்கிகினு?” என்றாள்.

“அப்ப கஸ்டமர் இன்னாத்துக்கு கடைக்கு வரணும்? ஒரு பேச்சு இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. துணிய போஸ்ட்டுல அனுப்பிடேன்.”

அந்த வழக்கு இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை.

ரோஜா நிற ஆப் வெளிநாட்டுச் சரக்கு. யாரோ அதைத் தமிழில் மாற்றியிருந்தார்கள், மாற்றியவர் தமிழர் என்று நான் நம்பத் தயாராக இல்லை. காலையில் எழுந்ததும் வெண்ணெய்ப்பழம் சாப்பிடச் சொல்லும். சாயங்காலம் நாயை அழைத்துக்கொண்டு காலாற நடக்கச் சொல்லும். எங்கள் குப்பத்தில் நாய்க்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை தாமாகவே நடந்துகொள்கின்றன. பனி கொட்டும்போது கையுறை போட மறக்காதீர்கள் என்று சித்திரை வெயிலில் சொன்னது. எண்ணூர்ப் பக்கமிருந்து ஏதோ கம்பெனிப் புகை காற்றில் வந்து மூக்கைப் பிடிக்க வைத்த ஒரு நாளில், ஜன்னலைத் திறந்து தூய காற்றை ஆழமாக உள்ளிழுங்கள் என்றது. திறந்தேன். மூடினேன்.

என் சிநேகிதி அதற்குப் பத்துக்கு மூன்று போட்டாள். நான் ஒன்று போட்டேன். வீராங்கனை என்று சொன்னதற்கு அந்த ஒன்று.

இரண்டாவது ஆப் வாய் திறந்து தமிழ் பேசும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகச் செய்ததாம், நல்ல எண்ணம்தான். ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல், ஒரு கரகரப்பு கிடையாது. அதன் சத்தத்தை எங்கே குறைப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் கடையை என் நாத்தனார்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் மட்டும் வியாபாரம் செய்யலாம் என்று வீட்டில் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிறது. ஒருவர் வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து, செவுளைத் திறந்து பார்த்து, விலையை நான் பாதிக்கு இறக்குவேன் என்று கனவு கண்டுகொண்டிருக்கிறார். என் இடுப்புச் சுருக்குப்பைக்குள்ளிருந்து அந்தச் செய்தி வாசிக்கிறவள் கேட்டாள்: “வணக்கம். இன்று மலம் கழித்தீர்களா?”

மார்க்கெட்டே ஒரு நொடி நின்றது. வஞ்சிரக்காரர் மீனைக் கீழே வைத்தார்.

“ஆம் என்றால் ‘ஆம்’ என்று உரக்கச் சொல்லவும்.”

எதிர்க்கடையில் நண்டு விற்கிற மாமு கையை உயர்த்தி, “ஆச்சும்மா, காலைலயே ஆச்சு!” என்றார். ஆப் அதைப் பதிவு செய்துகொண்டது. “மிக்க மகிழ்ச்சி,” என்றது. மறுநாளிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, நேராக அந்த நாளின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார். அந்த ஆப்புக்கு நான் ஐந்து போட்டேன். வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை அதுவாவது கேட்டதே.

மூன்றாவதுதான் ஆஸ்பத்திரியே செய்த ஆப். பழம் இல்லை, நாய் இல்லை. தினமும் ஒரு தடவை கேள்வி கேட்கும். வலி எவ்வளவு, வாந்தி எவ்வளவு, காய்ச்சல் எத்தனை டிகிரி, மனக்கவலை எவ்வளவு. காய்ச்சலுக்கு டிகிரியை, மற்றதற்கெல்லாம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பச்சை முகம் வந்து சிரிக்கும். கொஞ்சம் மோசம் என்றால் மஞ்சள் முகம். ரொம்ப மோசம் என்றால் சிவப்பு முகம் வரும், கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். “இது இன்னும் சோதனையிலதான் இருக்கும்மா, அவசரம்னா இதை நம்பி உக்காந்திருக்காதீங்க,” என்று ஆராய்ச்சிப் பெண் சொல்லித்தான் கொடுத்தாள். வார்டு சிஸ்டர் அதைவிடக் கறாராகச் சொன்னார்: “கீமோ ஓடுறப்ப உடம்புல எதிர்ப்பு சக்தியே இருக்காது. காய்ச்சல் நூறைத் தாண்டிச்சுன்னா யோசிக்காத. கெளம்பி வந்துடு. லேட் பண்ணா உசுருக்கே ஆபத்து.” நானும் தலையாட்டினேன். என் தலை எதற்கும் ஆடும்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிகிற நேரத்தில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் காலடிப்பேட்டையில் விற்று வளர்ந்தவள் நான். முதலில் சொல்கிற எண் நிஜ எண் கிடையாது. அது ஒரு வணக்கம் மாதிரி. நான் ஒன்று சொல்வேன், எதிராளி “அட போம்மா” என்பார், நான் கொஞ்சம் அசைவேன், அவரும் அசைவார். நடுவில் எங்கேயோ நிஜம் வந்து உட்காரும். விற்கும்போது கூட்டிச் சொல்வேன், வாங்கும்போது குறைத்துக் கேட்பேன். வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்றால் என் வலி ஒன்பது, அது விற்பனை. ஆனால் நோயை நான் யாருக்கும் விற்கவில்லையே, வாங்கிக்கொண்டல்லவா இருந்தேன்? அதனால் ஆப்பிடம் குறைத்தே கேட்டேன். வலி ஆறு என்றால் மூன்றை அழுத்துவேன். பச்சை முகம் உடனே சிரிக்கும். இவ்வளவு சுலபமாகப் படிகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. ரொம்ப மலிவாக முடித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம்.

மனக்கவலைக்கு நான் எப்போதும் பூஜ்யம்தான். என் சிநேகிதி முதல் நாளே எட்டு போட்டாள்.

“இன்னாமே, எட்டு போட்டுகினு கீற? அவங்க இன்னா நெனப்பாங்க?”

“பயமா கீதுக்கா. எட்டுதான் கீது, எட்டு போட்டேன்.”

“எனக்குலாம் ஒரு பயமும் கெடையாது,” என்று சொல்லிவிட்டு அவளைக் கேலி செய்தேன். ஒரே விலைக்காரி வேறு எப்படி இருப்பாள்?

அந்த வாரம்தான் கெளுத்தி வந்தது. கெளுத்தி மீனை ஆய்வதற்கு ஒரு முறை உண்டு. முதுகிலும் பக்கத்திலும் இருக்கிற முள்ளை முதலில் தட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குத்திய கை நாள் முழுக்கக் கடுக்கும். என் நாத்தனார் அதைச் செய்த அழகைப் பார்த்துக்கொண்டு என்னால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. வாங்க வந்திருந்தவர் என்னுடைய பழைய வாடிக்கை வேறு. “தள்ளு, நீ கலீஜ் பண்ணிகினு கீற,” என்று அரிவாள்மனையைப் பிடுங்கிக்கொண்டேன். மீனை இடது கையில் பிடித்தேன். ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கை அது. அதில் ஊசி குத்தக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். கெளுத்தி முள் பற்றி அவர் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். முள் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியது.

மறுநாள் மதியம் கை தடித்துச் சிவந்திருந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். தர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தால் நூற்றொன்றரை. சரியாக அந்த நேரத்துக்குப் போன் ‘டிங்’ என்றது. காய்ச்சல் எத்தனை டிகிரி?

தொண்ணூற்றொன்பது என்று போட்டேன்.

எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப விலை அது. எதிராளி “அட போம்மா” என்பார், நான் நூறுக்கு வருவேன், அப்புறம் நிஜத்துக்கு வருவேன் என்று என் விரலுக்கு ஒரு பழக்கம். இன்னொன்றும் இருந்தது. நூற்றொன்று என்று சொன்னால் படுக்கையில் போட்டுவிடுவார்கள், அடுத்த கீமோ தள்ளிப் போகும், தள்ளிப் போனால் என்ன ஆகுமோ என்று உள்ளே ஒரு நடுக்கம். அந்த மனக்கவலைக்கு அன்றும் பூஜ்யம்தான் போட்டேன். பச்சை முகம் சிரித்தது. ‘நன்று! தண்ணீர் நிறையக் குடியுங்கள்.’ நானும் குடித்துவிட்டுப் படுத்தேன். படுத்திருந்தபோது பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன.

அப்போதுதான் என் சிநேகிதி போன் செய்தாள். நண்டு மாமுவின் அன்றைய நிலவரம் என்ன என்று கேட்கத்தான்.

“இன்னாக்கா, கொரலு ஒரு மாதிரி கீது?”

“ஒண்ணியும் இல்ல. லைட்டா சொரம்.”

“எவ்ளோ?”

“தொண்ணூத்தொம்போது.”

“நெஜமா?”

“நூறுன்னு வெச்சுக்கயேன்.”

“அக்கா, நீ எங்கிட்ட மீன் விக்கல. எவ்ளோ?”

“நூத்தியொண்ணு.”

“அவ்ளோதானா?”

“மேல ஒரு அரை.”

அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, பேரத்தை இப்படிப் பாதியில் விட்டுவிட்டு யாராவது போவார்களா? கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு முனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவளும் கீமோ ஓடுகிற உடம்புக்காரிதான், மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டிருந்தாள். என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். வண்ணாரப்பேட்டைக்காரிக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவள் வெளியே தலையை நீட்டி அவர்களையும் திட்டினாள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளை அணு ரொம்பவும் குறைந்துபோயிருக்கிறது என்றார்கள். கையில் ஏறிய கிருமி ரத்தத்தில் கலக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். முதல் சில நாட்கள் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. நினைவில் இருப்பது ஒன்றுதான். நான் செத்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

உடம்பு தேறி உட்கார ஆரம்பித்ததும் ஆராய்ச்சிப் பெண் பார்க்க வந்தாள். முகம் வாடியிருந்தது. போனில் நான் போட்ட எண்களையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

“நூத்தியொண்ணுன்னு போட்டிருந்தீங்கன்னா எங்களுக்கு உடனே அலாரம் அடிச்சிருக்கும்மா.”

“நான் தொண்ணூத்தொம்போதுன்னா, அது ‘அட போம்மா’ன்னு சொல்ல வேணாமா? ஒரு தபா திருப்பிக் கேக்க வேணாமா?”

அவள் சிரிக்கத்தான் போனாள். பிறகு சிரிக்கவில்லை. “அதுக்கு அது தெரியாதும்மா,” என்றாள். “நீங்க எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிடும்.”

நான் அதை யோசித்துப் பார்த்தேன். வாழ்க்கையில் நான் சொன்னதை முதல் தடவையிலேயே நம்பிய ஒரே ஆள் அந்தப் பச்சை முகம்தான். அதனால்தான் சாகக் கிடந்தேன்.

“சரி, எங்க ஆப்புக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?”

“ரெண்டு.”

அவள் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “கடைசி விலையாம்மா?”

கெட்டிக்காரி. “ஆறு போட்டுக்க,” என்றேன்.

அடுத்து வந்த திருத்தத்தில் ஆப் இரண்டு தடவை கேட்க ஆரம்பித்தது. எண்ணை அழுத்தியதும் ‘உறுதியாகவா?’ என்று ஒரு கட்டம் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இரண்டாவது தடவை கேட்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு, என் விரல் முதலில் இன்னும் ஒன்று குறைத்து ஆரம்பித்தது. ஆகவே நானும் என் சிநேகிதியும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஆப்பில் அழுத்துவதற்கு முன்னால் ஒருத்திக்கொருத்தி போன் செய்து எண்ணைச் சொல்லிவிட வேண்டும். அவள் ஒரே தடவையில் சொல்லிவிடுவாள், கடையில் பில் போடுகிற மாதிரி. என்னிடமிருந்து அவள் கறந்து எடுக்க வேண்டும். கீமோ முடிந்து, வார்டில் கரண்டு என்று சொல்கிற ரேடியேஷன் வைத்து முடிந்து, இருவருக்கும் பூனைக்குட்டி ரோமம் மாதிரி முடி முளைக்கும் வரைக்கும் அப்படியே ஓடியது.

ரம்ஜான் முடிந்து சில நாட்கள் ஆகியிருக்கும். காலையில் போன் செய்தேன். என்னுடையதை அவள் இழுத்துப் பறித்து வாங்கிய பிறகு, உன்னுடையது என்ன என்றேன்.

“முதுகுல லேசா வலி. ரெண்டு.”

அவளுக்கு எப்போதும் எண் சட்டென்று வரும். அன்று யோசித்துவிட்டு வந்தது. யோசித்துச் சொல்கிற விலையை மார்க்கெட்டில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

“ரெண்டா? அப்ப கடைக்குப் போய்கினு கீறியா?”

“ரெண்டு நாளா போல.”

“இன்னாத்துக்கு?”

“ஒக்கார முடில. சரி, நாலுன்னு வெச்சுக்க.”

“எங்கிட்டயே பேரமா? படுத்தா எவ்ளோ?”

போனில் அவளுக்குப் பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: “எட்டுக்கா. நோன்பு நேரத்துலேந்தே அப்டித்தான் கீது. பெருநாளு முடியட்டும், ஊட்ல எல்லாரும் சந்தோசமா கீறாங்களேன்னு சொல்லல.”

என் தொழிலை அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, அவள் மேலா என் மேலா என்று தெரியவில்லை. முதுகில் வலி என்றால் எங்கள் நோய் எலும்புக்குப் பரவியதாக இருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும். வார்டில் நாங்கள் கேட்காத கதையா? “எட்ட போடு. நான் லைன்லயே கீறேன், இப்பவே போடு,” என்றேன். போட்டாள். சிவப்பு முகம் வந்தது என்றாள். சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். உடனே வாருங்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள்.

நான் பஸ் பிடித்து வண்ணாரப்பேட்டை போனேன். அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெரு முனைக்கு வந்தேன். ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அது கேட்கிற காதே கூசுகிற தொகை. நான் ஒன்றும் சொல்லாமல் அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு நானும் ஏறி உட்கார்ந்தேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “இன்னாம்மா, ஒண்ணியும் கொறைக்கச் சொல்ல மாட்டியா?”

“நீ வண்டிய எடு நைனா.”

வண்டி கிளம்பியது. அவள் முதுகைச் சாய்க்காமல் கம்பியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரம் போனதும், அந்தச் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் என்னிடம் கேட்டாள்:

“வணக்கம். இன்று உங்கள் மனக்கவலை எவ்வளவு?”

“பத்து,” என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை.